காலையில கார் ஸ்டார்ட் ஆகலையா? பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி பாட்டுப் பெட்டியைப் பாருங்க!

வண்டி வாசல் - 17

"பாப்பா, மறுபடியும் கார் செல்ஃப் எடுக்கலை."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருச்சியிலிருந்து போன் செய்த அப்பா எடுத்ததுமே இதைத்தான் சொன்னார். அன்று தஞ்சாவூரில் அத்தை மகளுக்கு வளைகாப்பு. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு அம்மா வாசலில் நிற்கிறார். சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. கடைசியில் கால் டாக்ஸி பிடித்துத்தான் போனார்கள்.

இரண்டு மாதத்தில் இது மூன்றாவது முறை. முதல் முறை நின்றபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேட்டரிக்கு நாலு வயது, ஆயுசு முடிந்துவிட்டது என்று புதுசு மாற்றினார்கள். மூன்றே வாரத்தில் அந்தப் புதுசும் படுத்துக்கொண்டது. கடைக்குத் தூக்கிப்போனால் சோதித்துப் பார்த்துவிட்டு, "பேட்டரி நல்லாத்தான் சார் இருக்கு. லைட்டை ஆஃப் பண்ணாம விட்டிருப்பீங்க" என்று சார்ஜ் ஏற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. 'மறந்திருப்பீங்க' என்ற அந்த ஒரு பேச்சு எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மா என்னிடம் தனியாக, "ரிட்டையர் ஆனதுலேர்ந்து உங்கப்பாவுக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சுடி. போன வாரம் சிலிண்டர் புக் பண்ண மறந்துட்டார். இப்ப கார் லைட். ஒரு டாக்டர்கிட்ட காட்டலாமான்னு யோசிக்கிறேன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை நான் ஊருக்குப் போனேன். காருக்குள் ஏறி உட்கார்ந்தால், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. அப்பாவின் முத்து முத்தான கையெழுத்து.

'லைட்? கதவு? ரேடியோ? சாவி?'

முப்பத்து நாலு வருஷம் அறிவியல் வாத்தியாராக இருந்தவர் அவர். எங்கள் வீட்டில் யார் எதைத் தொலைத்தாலும் அவரிடம்தான் கேட்போம். அவர் தனக்குத்தானே இப்படிச் சீட்டு எழுதி ஒட்டிக்கொண்டதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. கார் ஓட்டுவதையும் குறைத்துக்கொண்டிருந்தார்.

வாரா வாரம் உங்களுக்கு வண்டி விஷயம் எழுதுகிறவள் நான். என் வீட்டு வாசலிலேயே வண்டி படுத்திருக்கிறது. சரி, இதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று உறையூரில் எங்களுக்குத் தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். இந்த வாரப் பகுதி, அன்றைக்கு அவர் பின்னால் நின்று நான் கற்றுக்கொண்ட பாடம்தான்.

முதல் கேள்வி: எப்போ நிக்குது?

அண்ணன் பானட்டைத் திறக்கவே இல்லை. முதலில் அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"சார், ஓட்டிட்டு வந்து நிறுத்தி, கொஞ்ச நேரத்துல எடுத்தா ஸ்டார்ட் ஆகுதா?"

"உடனே ஆகுது."

"மறுநாள் காலையில?"

"ஆகும். கொஞ்சம் இழுத்து இழுத்து."

"ரெண்டு நாள் எடுக்காம விட்டா?"

"அப்பதான் படுத்துக்குது."

"அப்ப பேட்டரி மேல தப்பில்ல சார். உங்க மேலயும் இல்ல. நிறுத்தின வண்டியில ஏதோ ஒண்ணு கரன்ட் குடிச்சுக்கிட்டே இருக்கு" என்றார்.

கார் பேட்டரி அடிக்கடி இறங்கிப்போக மூன்று காரணங்கள்தான் பெரும்பாலும் இருக்கும். ஒன்று, பேட்டரியே பழசாகி சார்ஜைத் தாங்கிவைக்க முடியாமல் போவது. இரண்டு, வண்டி ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சரியாக வேலை செய்யாமல் இருப்பது. பழைய மெக்கானிக்குகள் இதை 'டைனமோ' என்பார்கள். மூன்று, வண்டி நின்ற பிறகும் ஏதோ ஒரு கருவி பேட்டரியிலிருந்து கரன்ட் இழுத்துக்கொண்டே இருப்பது.

முதல் இரண்டையும் சோதிக்க ஒரு மல்டிமீட்டரும் ஐந்து நிமிஷமும் போதும். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும், கறுப்பு முனையை நெகட்டிவிலும் வைத்துப் பாருங்கள். சில மணி நேரம் சும்மா நின்ற, முழு சார்ஜில் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் பேட்டரி ஏறக்குறைய காலி. அடுத்து இன்ஜினை ஓடவிட்டு அதே இடத்தில் பாருங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருந்தால் சார்ஜ் நன்றாக ஏறுகிறது என்று அர்த்தம்.

அப்பா காரில் இன்ஜின் ஓடும்போது 14.1. முதல் நாள் இரவு சார்ஜர் போட்டு, அதைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது 12.65. மறுநாள் காலையில் 12.42. பேட்டரியும் நல்லது, சார்ஜும் ஏறுகிறது. ஆனால், ஒரே ராத்திரியில் கிட்டத்தட்ட கால்பங்கு காணாமல் போயிருக்கிறது. யார் குடித்தது?

தூங்குற வண்டியும் கொஞ்சம் மூச்சு விடும்

சாவியை எடுத்துவிட்டால் காரில் எதுவும் ஓடாது என்று நினைப்போம். அது உண்மையில்லை. கடிகாரம், ரிமோட் லாக், இன்ஜின் கம்ப்யூட்டரின் ஞாபகம், ரேடியோவில் நீங்கள் பதிந்த ஸ்டேஷன்கள் என்று சில விஷயங்களுக்கு எந்நேரமும் துளித் துளியாகக் கரன்ட் வேண்டும். பெரும்பாலான கார்களில் இது 50 மில்லி ஆம்பியருக்குள், அதாவது 0.05 ஆம்பியருக்குள் இருக்கும். அவ்வளவு குடித்தால் சின்னக் கார் பல நாள் நின்றாலும் ஸ்டார்ட் ஆகும்.

அண்ணன் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றினார். மீட்டரின் சிவப்பு வயரை '10 ஆம்பியர்' என்று எழுதிய துளைக்கு மாற்றினார். ஒரு முனையைக் கழற்றிய கேபிளிலும் இன்னொரு முனையை நெகட்டிவ் டெர்மினலிலும் மாட்டினார். இப்போது காருக்குள் போகும் கரன்ட் முழுவதும் மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். செக்போஸ்ட் போட்ட மாதிரி!

மாட்டியதும் மீட்டர் 2.8 ஆம்பியர் காட்டியது. நான் பதறிவிட்டேன். "அவசரப்படாதம்மா. இப்பதான் முழிச்சிருக்கு, தூங்கட்டும்" என்றார். பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது காரில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்துக்கொள்ளும். அவை அடங்க அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் பார்க்கும் அளவு பொய்க் கணக்கு. கதவைத் திறந்தாலும் அவை மறுபடி எழுந்துவிடும். அதனால், டிரைவர் பக்கக் கதவைத் திறந்தே வைத்து, அதன் லாக்கை மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி, மூடியது போல ஏமாற்றிவைத்திருந்தார். ஃப்யூஸ் பெட்டியைத் தொட வேண்டுமே, அதற்காக.

நாங்கள் காபி குடித்துவிட்டு வந்தோம். அப்பா ஒரு நோட்டை எடுத்து, லேப் ரெக்கார்டு மாதிரி கோடு போட்டு நேரமும் அளவும் குறித்துக்கொண்டிருந்தார். முப்பது நிமிஷம் கழித்து மீட்டர் ஒரே இடத்தில் நின்றது.

0.64 ஆம்பியர்.

இருக்க வேண்டிய அளவைப்போலப் பத்து மடங்குக்கும் மேல்.

அப்பாவே கணக்குப் போட்டார். "பேட்டரி 35 ஆம்பியர் ஹவர். 35-ஐ 0.64-ஆல வகுத்தா சுமார் 55 மணி நேரம். அதுல முழுசா காலி. பாதிக்குக் கீழ போனாலே செல்ஃப் தடுமாறும். அப்ப ரெண்டு நாள்தான்." அண்ணனைப் பார்த்து, "கரெக்டா நீங்க கேட்ட ரெண்டு நாள்" என்றார். பல நாள் கழித்து அவர் குரலில் பழைய வாத்தியாரைக் கேட்டேன்.

ஃப்யூஸைப் பிடுங்கினா திருடன் சிக்குவான்

யார் குடிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் வழி ரொம்ப எளிது. மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது அளவு சட்டென்று இறங்குகிறதோ, அந்த லைனில்தான் திருடன் இருக்கிறான்.

ஹார்ன் ஃப்யூஸ், மாற்றமில்லை. சென்ட்ரல் லாக், மாற்றமில்லை. உள் விளக்கு, மாற்றமில்லை. ரேடியோ ஃப்யூஸைப் பிடுங்கியதும் 0.64 அப்படியே 0.02-க்கு விழுந்தது.

"ரேடியோதான்! புதுசு மாத்திடலாமா?" என்றேன். அண்ணன் சிரித்தார். "அவசரக்காரிம்மா நீ. ரேடியோ லைன்னுதான் தெரிஞ்சிருக்கு. ரேடியோவான்னு இன்னும் தெரியலை." அந்த ஃப்யூஸைத் திரும்பச் செருகினார். அளவு மீண்டும் 0.64. "சார், பாட்டுக்குன்னு வேற ஏதாவது மாட்டியிருக்கீங்களா?"

அப்பா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மே மாதம் அப்பா பணி ஓய்வு பெற்றபோது நான் கொடுத்த பரிசு. அந்தச் சமயம் கார் சென்னையில் என்னிடம் இருந்தது. கார் ஆக்சஸரீஸ் கடைகளுக்குப் பேர்போன ஜி.பி. ரோடு பக்கம் ஒரு கடையில், ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தே இருக்கும் ஒரு சப்வூஃபரை டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொடுத்தார்கள். அப்பாவுக்கு இளையராஜா பாட்டு என்றால் உயிர். கம்பெனி ஸ்டீரியோவில் பேஸ் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பாட்டு பிரமாதமாகக் கேட்டது. ஒரு மணி நேரத்தில் வேலையும் முடிந்துவிட்டது. எப்படி மாட்டினார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

அண்ணன் சீட்டுக்கு அடியில் கைவிட்டு அந்தப் பெட்டியின் ஃப்யூஸை மட்டும் பிடுங்கினார். மீட்டரில் 0.03. ரேடியோ குடித்தது வெறும் துளி. மிச்சம் 0.61 ஆம்பியரும் என் பரிசு குடித்தது.

"கையை வெச்சுப் பாரும்மா" என்றார். சாவி இல்லாமல் ராத்திரி முழுக்க நின்ற காரில், அந்தப் பெட்டி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. ஓரத்தில் ஒரு குட்டி நீல விளக்கும் அதுவரை எரிந்துகொண்டிருந்தது. மேலே மேட் மூடியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

ஒரு மெல்லிய வயர் செய்த வேலை

ஆம்ப்ளிஃபயருக்கு முக்கியமாக மூன்று வயர் போகும். பேட்டரியிலிருந்து நேராக வரும் தடிமனான பாசிட்டிவ் வயர். பாடியில் இணைக்கும் எர்த் வயர். மூன்றாவதாக ஒரு மெல்லிய வயர். அதற்கு 'ரிமோட் வயர்' என்று பெயர்.

அந்த மெல்லிய வயரின் வேலை எழுப்புவதும் தூங்கவைப்பதும்தான். அதில் 12 வோல்ட் வந்தால் ஆம்ப் விழிக்கும், நின்றால் தூங்கும். வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் இதற்கென்றே நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு வயர் பின்னால் இருக்கும். ஸ்டீரியோ அணைந்தால் அதிலும் வோல்ட் நின்றுவிடும். ஆம்ப்பும் அணைந்துவிடும்.

கம்பெனியிலிருந்தே வரும் ஸ்டீரியோ பலவற்றில் அந்த வயர் கிடையாது. அப்பா காரிலும் இல்லை. அப்படி இருந்தால், சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒரு லைனைத் தேடி அதில் கொடுக்க வேண்டும். கொஞ்சம் மெனக்கெட வேண்டிய வேலை. ஸ்டீரியோவை வெளியே இழுத்துப் பார்த்தால், எந்நேரமும் 12 வோல்ட் இருக்கும் வயரின் தோலைச் சீவி, அதிலேயே ரிமோட் வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். கைக்கு எட்டியது அதுதான் போல. அன்றிலிருந்து அந்த ஆம்ப் ஒரு நாள்கூடத் தூங்கவில்லை.

அப்படியென்றால், முதல் சில வாரம் ஏன் ஒன்றும் ஆகவில்லை? ஓய்வுபெற்ற புதிதில் அப்பா தினமும் வயலூர், சமயபுரம் என்று கிளம்பிக்கொண்டிருந்தார். ராத்திரி குடித்ததைப் பகல் ஓட்டம் ஓரளவு ஈடுகட்டியது. வெயிலுக்குப் பயந்து வண்டியை வீட்டிலேயே நிறுத்த ஆரம்பித்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. அதே சமயத்தில்தான் 'ரிட்டையர் ஆனதுலேர்ந்து மறதி' என்ற பேச்சும் வந்தது. ஆம்ப் மாட்டியதும் அவர் ஓய்வுபெற்றதும் ஒரே மாதம். பழி மட்டும் அப்பா மேல்.

பேட்டரி இறங்கியதே நல்லதாப் போச்சு

வேலை முடிந்தது என்று நினைத்தோம். அண்ணன் முகம் மட்டும் மாறியிருந்தது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து புறப்பட்ட அந்தத் தடிமனான சிவப்பு வயரைக் காட்டினார். அதில் ஃப்யூஸே இல்லை. இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் ஓட்டை போட்டு, ரப்பர் வளையம்கூட வைக்காமல் வயரை உள்ளே விட்டிருந்தார்கள். தகட்டின் விளிம்பில் உரசி உரசி மேல்தோல் பாதி தேய்ந்திருந்தது.

"இது மீதியும் தேஞ்சு தகட்டுல பட்டிருந்தா, பேட்டரியில இருக்கிற மொத்த கரன்ட்டும் இந்த வயர் வழியாப் பாஞ்சிருக்கும். வயரு பழுத்துப் பத்திக்கும். ஆம்ப்புல இருக்கிற ஃப்யூஸ் ஆம்ப்பைத்தான் காப்பாத்தும், வழியில இருக்கிற வயரை இல்ல."

அப்பாவும் அம்மாவும் போகிற வண்டி. நான் வாங்கிக்கொடுத்த பொருள். அந்த இடத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை.

ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் பவர் வயரில், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள், அதாவது சுமார் 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃப்யூஸ் இருந்தாக வேண்டும். வயர் எங்கே உரசினாலும் அந்த ஃப்யூஸ் எரிந்து வண்டியைக் காப்பாற்றும். அண்ணன் வயரை மாற்றி, ரப்பர் வளையம் வைத்து, பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ் போட்டார். ரிமோட் வயரைச் சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் லைனில், தனி ஃப்யூஸோடு கொடுத்தார். மறுபடி மீட்டர் மாட்டி, அரை மணி நேரம் காத்திருந்தோம்.

0.02.

வீட்டிலேயே பார்க்கலாமா?

பார்க்கலாம். மீட்டர் இல்லாமலே முதலில் இதைச் செய்யுங்கள். இரவில் காரை நிறுத்தி, சாவியை எடுத்து, கதவைப் பூட்டிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வெளியிலிருந்தே கண்ணாடி வழியாகப் பாருங்கள். ஸ்டீரியோ, டேஷ்கேம், சார்ஜர் எதிலாவது விளக்கு தெரிகிறதா? திருட்டு அலாரத்தின் குட்டி விளக்கு சிமிட்டினால் பயப்பட வேண்டாம், அது சகஜம். மறுநாள் காலை வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஆம்ப், சப்வூஃபர் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அது தூங்கவில்லை.

மீட்டர் வைத்து ஆம்பியர் பார்ப்பதாக இருந்தால் சில எச்சரிக்கைகள்:

* மோதிரம், வளையல், கைச்சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவில் தங்கம் பட்டால் கை வெந்துவிடும்.
* நெகட்டிவ் கேபிளை மட்டும் கழற்றுங்கள். பாசிட்டிவில் கை வைக்க வேண்டாம்.
* ஆம்பியரில் வைத்த மீட்டரை பேட்டரியின் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே வைத்துவிடாதீர்கள். அது நேரடி ஷார்ட் சர்க்யூட்.
* மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரன்ட்டுக்கு மீட்டர் தாங்காது.
* சோதனை நேரத்தில் கார் சாவியைக் காருக்குள் வைக்காதீர்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியாக இருந்தால் சாவி பக்கத்தில் இருந்தாலே விழித்துக்கொள்ளும். கண்ணாடியை இறக்கியே வையுங்கள். இல்லாவிட்டால் தானாக லாக் ஆகி வெளியே நிற்க வேண்டியதுதான்.
* ஸ்க்ரூ டிரைவரால் கதவு லாக்கை அழுத்தியிருந்தால், கதவைச் சாத்துவதற்கு முன் கைப்பிடியை இழுத்து லாக்கை விடுவிக்க மறக்காதீர்கள்.

சிக்னலில் தானாக நின்று ஸ்டார்ட் ஆகும் வண்டி, ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் வீட்டில் முயற்சி செய்யாமல் சர்வீஸ் சென்டருக்குப் போவதே நல்லது.

ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ வெச்சிருக்கீங்களா?

பெரிய திரை ஸ்டீரியோ மாட்டியவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஸ்டீரியோவுக்குப் பொதுவாக மஞ்சள், சிவப்பு என்று இரண்டு பவர் வயர் வரும். மஞ்சளில் எந்நேரமும் கரன்ட் வேண்டும், அது ஞாபகத்துக்கு. சிவப்பில் சாவி போட்டால் மட்டும் வர வேண்டும், அதுதான் சுவிட்ச். இரண்டையும் ஒன்றாக முறுக்கி நேராகக் கொடுத்துவிட்டால், சாவியை எடுத்த பிறகும் பெட்டி விழித்தே இருக்கும். 'சாவி இல்லாமலே பாட்டுக் கேட்கலாம் சார்' என்று கடையில் பெருமையாகச் சொன்னால் உஷாராகிவிடுங்கள்.

வயர் சரியாக இருந்தாலும், சீக்கிரம் திரை வர வேண்டும் என்பதற்காகச் சில பெட்டிகள் அரைத்தூக்கத்திலேயே இருக்கும். செட்டிங்கில் ஸ்லீப் அல்லது ஸ்டாண்ட்பை என்று இருந்தால், அந்த நேரத்தைக் குறைத்து வையுங்கள்.

பாட்டுப் பெட்டி மட்டும்தான் திருடன் என்றும் இல்லை. டேஷ்கேம், ஜி.பி.எஸ். கருவி, மூடாமல் விட்ட டிக்கியின் விளக்கு, பழுதான ஆல்டர்னேட்டர் என்று யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். வழி ஒன்றுதான். அளந்து பாருங்கள், ஃப்யூஸைப் பிடுங்குங்கள். ஃப்யூஸ் எல்லாம் பிடுங்கியும் அளவு இறங்கவில்லையா? பேட்டரியிலிருந்து நேராகப் போகும் வயர்களைத் தேடுங்கள். வெளியில் மாட்டிய பொருள்கள் பல, கார் ஃப்யூஸ் பெட்டி வழியாகப் போவதே இல்லை.

கடையில கேட்க வேண்டிய நாலு கேள்வி

நான் கேட்காமல் விட்ட கேள்விகள் இவை. நீங்கள் கேளுங்கள்.

1. ரிமோட் வயரை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? சாவியை எடுத்தால் அதில் வோல்ட் நிற்குமா?
2. பேட்டரி பக்கத்தில் ஃப்யூஸ் போடுகிறீர்களா? எத்தனை ஆம்பியர்?
3. தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் உண்டா?
4. கம்பெனி வயரை வெட்டுவீர்களா, கப்ளர் வைத்து மாட்டுவீர்களா? வயரை வெட்டினால், பின்னால் எலெக்ட்ரிக்கல் கோளாறு வரும்போது கார் கம்பெனி வாரன்டி தர மறுக்கக்கூடும்.

வேலை முடிந்ததும் சாவியை எடுத்து, கதவைச் சாத்தி, கால் மணி நேரம் கழித்து ஆம்ப் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கவனமாக வேலை செய்கிறவர்கள் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார்கள். சந்தோஷமாகக் காட்டுவார்கள்.

இன்னொன்று. ஒருமுறை முழுசாக இறங்கிய பேட்டரி, சார்ஜ் ஏற்றினால் பழையபடி ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். இந்த வகை ஈய பேட்டரி காலியாகக் கிடக்கும்போது உள்ளே தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகும். ஒவ்வொரு முறையும் ஆயுசு கொஞ்சம் குறையும். அதனால், இரண்டாவது முறை இறங்கும்போதே காரணத்தைத் தேடுங்கள். எங்கள் வீட்டில் முதலிலேயே அளந்து பார்த்திருந்தால் ஒரு பேட்டரிக் காசு மிஞ்சியிருக்கலாம். இரண்டு முறை இறங்கிய புதுசுக்கும் ஆயுசு குறைந்திருக்காது.

ஐந்து நாள் கழித்து

"நல்லா ஆயிடுச்சுன்னு எப்படி நம்புறது?" என்று அம்மா கேட்டார். அப்பா சோதனை வைத்தார். வேண்டுமென்றே ஐந்து நாள் காரைத் தொடவில்லை. ஆறாவது நாள் காலையில் எனக்கு வீடியோ கால் போட்டு, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். ஒரே செல்ஃபில் எடுத்தது.

அன்று மத்தியானம் அம்மா தனியாகப் பேசினார். "அந்தச் சீட்டை நானே கிழிச்சுப் போட்டுட்டேன்டி. மறதி மறதின்னு நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். பாவம், அவரே நம்ப ஆரம்பிச்சுட்டார்."

நான் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடு பாப்பா. பாட்டு நல்லா இருக்குல்ல?" என்றார். பின்னால் இளையராஜா ஓடிக்கொண்டிருந்தார், பேஸோடு.

உங்கள் வீட்டிலும் வண்டி காலையில் படுத்துக்கொண்டால், வயசானவர்களை 'மறந்துட்டீங்க' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு மீட்டரை எடுங்கள். மீட்டருக்கு வயசு தெரியாது. உள்ளதை உள்ளபடி சொல்லும்.

*(அடுத்த வாரம்: மழைக்காலம் வருது, வைப்பர் கண்ணாடியைக் கீறாம இருக்க என்ன செய்யலாம்?)*